காய்ச்சல் இறங்கிய நாளில் செய்யும் தவறு

மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது, காய்ச்சலின் அளவை மட்டும் பார்த்து நோயின் தீவிரத்தை முடிவுசெய்வதே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வெப்பமானி 103 டிகிரி காட்டினால் பதறுகிறோம். 99க்கு இறங்கியதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். டெங்குவில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே, சூடு தணியும் தறுவாயில்தான், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியத் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கக்கூடிய அந்தக் கட்டத்தில் இரத்தம் கெட்டிப்பட்டு, இரத்த அழுத்தம் சரிந்து, கைகால்கள் சில்லிட்டுப்போகலாம். அந்தக் குளிர்ச்சியைக் குணமடைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது.

ஆகவே காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாட்களுக்கு நோயாளியைக் கண்காணிக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கருநிற மலம், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 108ஐ அழைக்கலாம். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறோம் என்பது இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

உடல்வலி தாங்காமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவதும், "ஒரு ஊசி போட்டு விடுங்கள்" என்று கேட்டு வாங்குவதும் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யாது.

பரிசோதனையிலும் நாள் கணக்கு உண்டு. வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை, காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் பயன்தரும். அதற்குப் பின், வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள் பார்க்கப்படும். இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டுமே உறவினர்கள் விசாரிக்கிறார்கள். மருத்துவரோ இரத்தத்தின் அடர்த்தி, நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்.

டெங்கு அல்லாத காய்ச்சலிலும் வெப்பமானி காட்டும் எண் ஏமாற்றும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தாலே அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதியவர்களுக்கோ கடும் தொற்றிலும் சூடு ஏறாமல், உணவை மறுப்பதும் திடீர்க் குழப்பமும் மட்டுமே வெளியே தெரியக்கூடும்.