யோசமிட்டி கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் யோசமிட்டி தேசியப் பூங்காவில் முகாம் இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அப்படியே கிளம்பிவிடாதீர்கள், கையில் முன்பதிவு இருந்தாலும் நீங்கள் நடக்க நினைத்த பாதை மூடியிருக்கலாம். போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை நம்பாமல், தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் யோசமிட்டியின் தற்போதைய நிலவரத்தை முந்தைய நாளும் கிளம்பும் காலையிலும் பாருங்கள். உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

பனிதான் பெரிய காரணம். பூங்காவின் உயரமான மலைப்பகுதி வழியாகப் போகும் டியோகா சாலை வழக்கமாக நவம்பரில் மூடி, மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். பனி கொட்டித் தீர்த்த 2023-ல் ஜூலை 22 ஆகிவிட்டது. ஹாஃப் டோம் என்ற பெரிய பாறைமலையில் பிடித்து ஏறும் கம்பிவடங்களும் ஏறக்குறைய மே கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான். அருவியை ஒட்டிப் படிகளில் ஏறும் மிஸ்ட் டிரெயில் நடைபாதையில் ஒரு பகுதியைக் குளிர்காலத்தில் மூடுவார்கள். படியெல்லாம் உறைந்துகிடக்கும், மேலிருந்து ஐஸும் பாறையும் விழும், அதனால் யார் தாண்டிப் போனாலும் நீங்கள் தடுப்பைத் தாண்டாதீர்கள். குளிர்கால மாற்றுவழிக்குப் பலகை இருக்கும்.

அப்புறம் பணம். முகாமைப் பூங்காவே மூடினால் முன்பதிவு செய்யும் அரசு இணையதளமான ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடும், நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்தால் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.