15 வருட வேலையைப் பாடக் கணக்கில் சேர்த்தது எப்படி

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன் நான். 40 வயதுக்குமேல், முன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழியில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன், திரும்பி வந்துவிட்டது. 15 வருடம் கிடங்கு மேற்பார்வையாளர் என்று எழுதிப் பணிச்சான்றிதழை இணைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கேட்டது வருடக்கணக்கை அல்ல, அதில் என்ன கற்றேன் என்பதை.

அப்புறம் பாடத்திட்டத்தை எடுத்து, ‘இந்தப் பாடம் முடிந்ததும் மாணவருக்கு இது தெரிந்திருக்கும்’ என்று போட்டிருந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே என் வேலையிலிருந்து ஒரு சம்பவம், அதற்கு ஓர் ஆதாரம் என்று எழுதினேன். சரக்கு இருப்புக் கணக்கு உதைத்தபோது நான் போட்ட எக்செல் தாள்கூட அங்கே உதவியது. ஆதாரம் இல்லாத இரண்டு பாடங்களை விட்டுவிட்டேன், இழுத்துக் கட்டினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வோம். இரண்டாம் முறை இடம் கிடைத்தது. கட்டுரை எழுதுவதுதான் இன்னும் கைவரவில்லை. அதற்குத் தனியாக ஓர் ஆயத்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன்.