நடக்காதவரை நடக்க வைப்பது: ஊர் நடைக் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைப் பாதைகளை அடையாளம் கண்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மக்கள் அங்கே கூடி நடப்பதும், பாதையோரத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மருத்துவ முகாம் நடப்பதும் அத்திட்டத்தின் முறை. அரசுத் திட்டத்துக்கு வெளியே குடியிருப்போர் நலச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பள்ளி முன்னாள் மாணவர் மன்றங்களும் தங்கள் பகுதியிலேயே நடைக் குழுக்களைத் தொடங்குகின்றன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கும்போது, இம்முயற்சிகள் ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்கவையே.

ஆயினும் இப்படித் தொடங்கும் குழுக்கள் பல, மூன்று மாதத்துக்குள் பழைய நடைப்பயிற்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேரின் குழுவாகச் சுருங்கிவிடுகின்றன. அவர்கள் குழு இல்லாமலே நடக்கக்கூடியவர்கள். முழங்கால் வலியால் தெருமுனைக் கடைக்குக்கூடப் பேரனை அனுப்பும் பாட்டியும், நாளெல்லாம் கல்லாவில் அமர்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரரும், முதல் வாரம் வந்து மூச்சு வாங்கிப் பின்தங்கி மறு வாரம் வராமலேயே போன அலுவலக ஊழியரும்தாம் இத்தகைய திட்டம் உண்மையில் யாருக்காக ஏற்பட்டதோ அவர்கள். கீழே சொல்லப்படும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வேர் கொண்டவை: ஏற்கெனவே நடப்பவரை மனத்தில் வைத்துத் திட்டத்தை வகுப்பது.

முதல் நாளிலேயே நெடுந்தூரம்

தூரத்தைப் பெரிதாக வைப்பதுதான் மிகப் பரவலான பிழை. 8 கிலோமீட்டர் என்றால் பத்தாயிரம் அடிகள் என்று சொல்வது வழக்கம். ஒருவரின் அடி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அடிக்கு 60 சென்டிமீட்டர் மட்டுமே கடக்கும் குள்ளமான, வயதான ஒரு பெண் அதே தூரத்துக்குப் பதின்மூவாயிரம் அடிகளுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்; மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு மணி நேர நடை. பத்தாயிரம் என்ற எண்ணும் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அடியெண்ணும் கருவிக்குச் சூட்டிய ‘மான்போ-கெய்’ என்ற பெயருக்குப் ‘பத்தாயிரம் அடி அளப்பான்’ என்பது பொருள். அப்பெயரே காலப்போக்கில் உலகெங்கும் இலக்காக மாறிவிட்டது. சராசரி வயது 72 ஆக இருந்த அமெரிக்கப் பெண்கள் ஏறத்தாழ 16,700 பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிகளுக்கு மேல் அந்தக் குறைவு அதிகரிக்கவில்லை. அசையாமல் இருப்பவர் சிறிது அசையத் தொடங்கும் கட்டத்திலேயே பெரும்பயன் கிடைக்கிறது என்பதைத்தான் நடைக் குழு நடத்துவோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே புதியவருக்கு முதல் இரு வாரங்களில் 10 முதல் 15 நிமிடங்கள் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஒன்றரை மாதத்துக்குள் அரை மணி நேரத்தை எட்டிவிடலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று 2020இல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அப்போது விலக்கிக்கொண்டது. துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும் என்பதைப் புதியவர்களுக்குச் சொன்னால் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி குழுவுக்குப் பெரிய மூலதனம்.

மாதம் ஒருமுறை நெடுந்தூரம் நடந்துவிட்டு மற்ற நாள்களில் உட்கார்ந்திருப்பது இதே தவறின் மறுபக்கம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வோரும், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரும், பழக்கமில்லாத கால்கள் இரண்டாம் நாளில் என்ன பாடுபடும் என்பதை அறிவர். பக்திக்காக அந்த வலியைத் தாங்கிக்கொள்ளும் மனம், உடல்நலத்துக்காக என்று சொன்னால் தாங்கிக்கொள்வதில்லை. முதல் ஞாயிறு நடையைத் திருவிழாவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு இடைப்பட்ட நாள்களில் தெருவளவில் நடக்கும் சிறு நடைதான் திட்டத்தின் உயிர்.

எல்லோருக்கும் விடியற்காலை

காலை ஐந்தரை மணி என்பது ஓய்வு பெற்ற ஆண்களுக்கு உகந்த நேரம். அதே வேளையில்தான் பெண்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள், பால் வாங்குகிறார்கள், பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டுகிறார்கள். அந்த நேரத்தை மட்டும் அறிவித்துவிட்டு, பெண்களுக்கு ஆர்வமில்லை என்று பின்னர் முடிவு கட்டுவது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டுடன் மணிக்கணக்கில் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு முறைப்பணி முழுவதும் அமர்ந்திருப்போர் ஏராளம். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் மாலை வேளையோ, இரவு உணவுக்குப் பின் தெரு வெளிச்சத்தில் கால்மணி நேரமோதான் அவர்களுக்கு வாய்க்கும். உணவுக்குப் பிந்தைய சிறு நடை, சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைத் தணிப்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த நேரம் மருத்துவ நோக்கிலும் பொருத்தமானது. எந்த நேரம் ஒத்துவரும் என்பதை அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன் மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்டறிய வேண்டும்.

வேகமானவர் முன்னால், மற்றவர் எங்கோ

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷையரில் உள்ள சானிங் காமன் என்ற ஊரில், வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர் 1995இல் தம் நோயாளிகளுக்காகச் சிறு குழு நடைகளைத் தொடங்கினார். பின்னாளில் அந்நாடு முழுவதும் பரவிய நலநடைத் திட்டத்துக்கு அதுவே முன்னோடி. குறுகிய நடை, பயிற்சி பெற்ற தன்னார்வலர், கட்டணம் இல்லாமை ஆகியவை அம்முறையின் அடிப்படைகள். முன்னால் ஒருவர் வழிகாட்டுவார். எல்லோருக்கும் பின்னால் இன்னொருவர் வருவார். அந்தப் பின்னவரின் பணி எவரையும் தமக்குப் பின்னால் விடாமல் இருப்பது. நம் குழுக்களில் பெரும்பாலும் இல்லாதிருப்பது இந்த இரண்டாமவர்தான். கடைசியாக வருபவர் தனியே வருகிறார். அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் காபி குடித்து முடித்திருக்கிறார்கள். அந்தக் கூச்சம் ஒருவரை நிரந்தரமாக வீட்டில் உட்கார வைக்கப் போதுமானது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றே வாங்க வேண்டும் என்பது மிதமான வேகத்துக்கான எளிய அளவுகோல். இதை ஒவ்வொருவரும் தம் மூச்சைக் கொண்டே அளந்துகொள்ளலாம்.

செயலியில் யார் அதிக அடிகள் என்று பட்டியலிடும் போட்டிகளும் இவ்வகையில் தீங்கே செய்கின்றன. பட்டியலின் அடியில் இருப்பவருக்குத்தான் குழு அதிகம் தேவைப்படுகிறது. அவர் பெயரை நாள்தோறும் அடியில் காட்டுவதால் எவருக்கும் நன்மையில்லை.

மருந்து, பாதம், சாலை

இப்பகுதியில் செய்யும் தவறுகள் உயிரோடு விளையாடுபவை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவரோ கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவரோ வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். அதன் முதல் அறிகுறிகளான வியர்வை, படபடப்பு, களைப்பு ஆகியவை நடையினால் வருபவை போலவே இருப்பதால் அருகிலிருப்போர் கவனிக்கத் தவறுகிறார்கள். பேச்சு குழறினாலோ, கை நடுங்கினாலோ, கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வந்தாலோ உடனே அமரவைத்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். கடலை மிட்டாயைக் கையில் வைத்திருப்பது நல்ல எண்ணம்தான் என்றாலும், கடலையின் கொழுப்பு சர்க்கரை சேரும் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் அவசர நேரத்துக்குக் குளுக்கோஸ் பொட்டலமே ஏற்றது. யார் எந்த மருந்து எடுக்கிறார்கள் என்பதை வழிகாட்டுபவர் தனியே, மற்றவர் காதில் விழாமல் கேட்டு வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், ஓய்விலும் மூச்சுத் திணறல் இவற்றில் ஏதேனும் உண்டா என்றும் கேட்டு, உண்டென்பவரை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் சேர விரும்பும் எல்லோரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பது, வர நினைத்தவரையும் திருப்பி அனுப்பும் வழி.

அடுத்தது பாதம். நம் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதைகளும் எட்டு வடிவ நடைபாதைகளும் பெருகியுள்ளன. கூழாங்கல்லில் வெறுங்காலுடன் நடந்தால் நரம்புகள் தூண்டப்படும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பின்பற்றுகிறார். நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்திய காயம் தெரியாது; தெரியாத காயமே புண்ணாகி, விரல் இழப்பு வரை கொண்டுபோகிறது. அத்தகையவர்கள் கூழாங்கல் பாதையை அறவே தவிர்த்து, எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்போ காலுக்குப் பொருந்தும் காலணியோ அணிந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கோயில் பிரகாரத்தில் நடப்பது அருமையான ஏற்பாடு. அங்கும் இவர்கள் விஷயத்தில் இதே கவனம் தேவை.

நடைமேடை இல்லாத சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டு போவது விடியற்காலை இருட்டில் ஆபத்தானது. வெளிர் நிற உடை அணிவது சிறு செயல். அதன் பயன் பெரிது. கத்திரி வெயில் நாள்களில் நடையைச் சுருக்குவதும், போகிப் பண்டிகையன்று விடியற்காலைப் புகையில் நடையை ரத்து செய்வதும் குழுவின் பலவீனமாகாது.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறை எங்கே, உட்கார இடம் எங்கே என்று பார்ப்பவர்கள் குறைவு. இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் நீர் மாத்திரை விழுங்கியவரும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியவரும், பெண்கள் அனைவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எடையை வாக்குறுதியாக வைப்பது

‘ஒரே மாதத்தில் ஐந்து கிலோ’ என்ற வாசகத்துடன் ஆள் சேர்க்கும் குழு தன் முடிவைத் தானே எழுதிக்கொள்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 கிலோ கலோரி. நடை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஓர் உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் தாண்டிவிடும். மாத இறுதியில் எடைக் கருவி அசையாதபோது மனம் விட்டுப்போகிறது. நடைக் குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பாய்வு, இரத்த அழுத்தம், ஓய்வுநிலை இதயத் துடிப்பு, உடற்கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவற்றில் குறைவு கண்டது. சராசரியில் இவை சிறிய மாற்றங்கள்தாம், எனினும் உண்மையானவை. தூக்கம் கூடுவது, மூட்டின் இறுக்கம் தளர்வது, பேச ஆள் கிடைப்பது போன்றவற்றை முன்வைத்து அழைப்பது நேர்மையானது. சற்றே அழுத்தம் குறைந்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுபவர்களும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரைக் குழுவுடன் இணைத்துக்கொண்டால் இது உடனுக்குடன் தெரியவரும்.

தொடக்க விழாவை எண்ணுவது

பனியன் வழங்கி, பலூன் பறக்கவிட்டு, 300 பேர் நின்ற படத்தைப் பகிர்ந்துவிட்டு அதையே வெற்றியாகக் குறிப்பது எளிது. பன்னிரண்டாம் வாரத்தில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முன்பு நடக்காதவர்கள் என்ற இரண்டு எண்களைக் குறித்துவைப்பது கடினம், ஆனால் அவசியம். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாட்ஸ்அப் குழுவை நேரம், இடம், மாற்றம் பற்றிய அறிவிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். காலை வணக்கப் படங்களும் அரசியல் செய்திகளும் நிறைந்தால், மழையால் நடை இல்லை என்ற அறிவிப்பை எவரும் பார்க்க மாட்டார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் குழுக்கள் கலைகின்றன. கல்யாண மண்டபத்தின் கூடம், பள்ளியின் நீண்ட தாழ்வாரம் என ஏதேனும் ஓர் இடத்தைச் செப்டம்பரிலேயே பேசி வைக்க வேண்டும். இரண்டு வாரம் வராதவரை நோட்டைப் பார்த்து அழைக்கும்போது, ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். ‘அக்கா, நாளைக்குச் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு உங்கள் வாசல் வழியாகத்தான் வருகிறோம்; பத்து நிமிடம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம்’ என்று சொன்னால், அந்த நேரத்துக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வாய்ப்பு உண்டு.