போனுக்கு ப்ளூடூத் கீபோர்டு வாங்கி நான் பண்ணுன கூத்தும் நீங்க பண்ணக்கூடாத தப்பும்

நான் ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டர். ரைட்டர்னா கதை எழுதறவன் இல்லீங்க, எஸ்டேட்டுல கணக்கு எழுதறவனுக்கு அதான் பேரு, இன்னைக்கு எத்தன ஆளு வந்தாங்க, எந்தக் காட்டுல என்ன வேலை நடந்துச்சு, மிளகு எத்தன கிலோ, எல்லாத்தையும் எழுதி பொழுது சாயறதுக்குள்ள ஓனருக்கு அனுப்பிரணும். வீடு சேலம் அம்மாபேட்டை. தினமும் பஸ்ஸுல ஏறி இறங்கறவனுக்கு லேப்டாப் பைய தூக்கறது பெரிய ரோதனை, மழைக்காலத்துல மேல கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால போனும் சின்னதா ஒரு கீபோர்டும் போதும்னு மாறி மூணு வருஷம் ஆச்சு. அதுல இப்ப கையில இருக்கறது மூணாவது கீபோர்டு. மொத ரெண்டும் போனதுக்கு நான்தான் காரணம், அதத்தான் எழுதறேன்.

மொத தப்பு கடையிலயே ஆரம்பிச்சுது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில போய் "அண்ணா, வயர்லெஸ் கீபோர்டு குடுங்க"ன்னு கேட்டேன், அவரும் ஒரு பெட்டிய எடுத்துக் குடுத்தாரு, நான் கேட்டதத்தான் குடுத்தாரு, தப்பு சொல்ல முடியாது. வீட்டுல வந்து பிரிச்சா உள்ள சுண்டு விரல் நகம் சைஸுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள். அதக் கம்ப்யூட்டர்ல சொருகுனாத்தான் வேலை செய்யும், போன்ல போடணும்னா போன் ஓட்டையில யூஎஸ்பி சொருகறதுக்கு ஓடிஜின்னு ஒரு சின்ன இணைப்பு தனியா வாங்கி மாட்டணும், மாட்டுனா சார்ஜ் போடற ஓட்டை அடைஞ்சு போகும். வயர்லெஸ்னு பெட்டியில போட்டிருந்தா ப்ளூடூத்துன்னு அர்த்தம் இல்ல. இதுல இன்னொரு குழப்பம், டாங்கிள்ல வேலை செய்யறதும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ப்ளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனா ரெண்டும் பேசற பாஷை வேற. பெட்டியில வெறும் 2.4ஜின்னு மட்டும் இருந்தா அது டாங்கிள் கீபோர்டு. ப்ளூடூத்துன்னு எழுத்தாவோ இல்ல அந்த நீலக் கலர் சின்னமாவோ இருக்கான்னு பாருங்க, சில மாடல்ல ரெண்டும் சேந்தே வரும், அது நல்லது. பிரிச்ச பெட்டிய அந்தக் கடையில திரும்ப வாங்கல. அது இப்ப என் பையனோட கம்ப்யூட்டர்ல கிடக்கு.

அடுத்து சொல்றதுதான் முக்கியம், பாதிப் பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. கீபோர்டு ஒண்ணும் தெரியாத பொருளுங்க. அதுக்குத் தமிழும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது. ஏ-ன்னு போட்டிருக்கற கீயை அமுக்குனா அது போனுக்கு ஏ-ன்னு அனுப்பறதில்ல, 4-ன்னு ஒரு நம்பர அனுப்புது, என்டர அமுக்குனா 40, அவ்வளவுதான் அதோட வேலை. அந்த 4 ஏ-வா, அ-வா, இல்ல வேற எதுவுமான்னு முடிவு பண்றது போனுக்குள்ள இருக்கற லேஅவுட். இது தெரியாம "தமிழ் கீபோர்டு இருக்குங்களா"ன்னு தமிழ் ஸ்டிக்கர் ஒட்டுனதத் தேடி சேலம் ஐந்து ரோடு ஏரியா பூரா அலைஞ்சவங்கள எனக்குத் தெரியும். ஸ்டிக்கர் உங்க கண்ணுக்குத்தான், போனுக்கு இல்ல.

அதனால தமிழ்ல அடிக்கணும்னு நினைக்கறவங்க கீபோர்டு வாங்கறதுக்கு முன்னாடி போனப் பாருங்க. ஸ்க்ரீன்ல வர கீபோர்டுல "அம்மா"ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுதுல்ல, அதே மாதிரி வெளிக் கீபோர்டுல அடிச்சாலும் மாறும்னு நம்பி வாங்கிராதீங்க. எங்க எஸ்டேட்டு ஆண்ட்ராய்டு போன்ல மாறவே இல்ல, அடிச்சது அப்படியே இங்கிலீஷ் எழுத்தாத்தான் விழுந்துச்சு. வெளிக் கீபோர்டுக்கும் தமிழ் லேஅவுட் தர்ற ஆப் உங்க போன்ல ஓடுதான்னு யாருகிட்டயாவது கீபோர்ட இரவல் வாங்கியாவது ஒரு தடவ பாத்துருங்க. ஐபோன்ல அந்தக் கவலை இல்ல, தமிழ்99, அப்பறம் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாத் தமிழா மாத்தற அஞ்சல்னு ரெண்டு லேஅவுட்டுமே அதுக்குள்ளயே இருக்கு, எனக்கு மச்சான் குடுத்த பழைய ஐபோன் ஒண்ணு இருக்கறதால தமிழ் எழுதறதெல்லாம் அதுலதான், எஸ்டேட்டு கணக்கு ஆபீஸ் போன்ல இங்கிலீஷ்ல. தமிழ்99 அப்படிங்கறது 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட லேஅவுட்டு, உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம், ம-வ ரெண்டு தடவ தட்டுனா மொத ம-வுக்குப் புள்ளி தானா வந்துரும். பழக ஒரு மாசம் ஆகும், முதல் வாரம் கீபோர்டத் தூக்கி ஏரியில போட்டுரலாமான்னு தோணும், பொறுத்துக்கிட்டா அப்பறம் கை தானா ஓடும். டைப்ரைட்டிங்ல தமிழ் லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்க பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டுதான் வேணும்னு கேப்பாங்க, அது உங்க போன்ல கிடைக்குதான்னு பாத்துட்டு அப்பறமா காசு குடுங்க.

இங்கிலீஷ்ல மட்டும் அடிக்கறவங்களுக்கும் இதே விஷயம் வேற மாதிரி கடிக்கும். ஈமெயில் அட்ரஸ் அடிக்கறப்ப அட் சின்னத்துக்குப் பதிலா மேற்கோள் குறி விழுந்துச்சுன்னா கீபோர்டு கெட்டுப்போகல, போன்ல லேஅவுட் யூகேன்னு இருக்கு, நம்ம ஊருல விக்கறதுல பெரும்பாலும் யூஎஸ் லேஅவுட்டுதான். செட்டிங்ஸ்ல பிசிக்கல் கீபோர்டுன்னு தேடி யூஎஸ்னு மாத்துனா சரி ஆயிரும். பாஸ்வேர்டு தப்பு தப்புன்னு வந்தா இதையும் கேப்ஸ் லாக்கையும் மொதல்ல பாருங்க, பாஸ்வேர்டு பெட்டியில வெறும் புள்ளி புள்ளியா வரதால என்ன விழுதுன்னே தெரியாது, நான் ஒரு தடவ மூணு தடவ தப்பாப் போட்டு அக்கவுண்டே லாக் ஆகி உக்காந்திருக்கேன்.

ஜோடி சேக்கறதுல ஒரு சின்ன தப்பு. சில கீபோர்டுக்கு போன் ஸ்க்ரீன்ல ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும். அத எல்லாரும் போன்ல அடிக்க எடம் தேடுவாங்க. அந்த நம்பர கீபோர்டுல அடிச்சு என்டர் தட்டணும், ஸ்க்ரீன்ல அடிக்கற நம்பர் தெரியாது, பயப்படாதீங்க.

இதவிட பெரிய கூத்து எங்க வீட்டுல நடந்துச்சு. ரெண்டாவது கீபோர்டு வாங்கின அன்னைக்கு என் போன்ல சார்ஜ் இல்ல, அதனால வீட்டுக்காரம்மா போன்ல மாட்டி டெஸ்ட் பண்ணுனேன், அப்பறம் என் போன்லயும் சேத்துக்கிட்டேன். மறுநாள் ராத்திரி கூடத்துல உக்காந்து நான் பாட்டுக்கு தமிழ்ல அடிக்கறேன், ஸ்க்ரீன்ல ஒரு எழுத்தும் வரல, திரும்பத் திரும்ப அடிக்கறேன். உள்ள சமையக்கட்டுல இருந்து சத்தம், "என்னங்க, என் போனுக்குப் பேய் புடிச்சிருச்சு, வந்து பாருங்க". போய்ப் பாத்தா அவங்க அக்காவுக்கு மெசேஜ் அடிச்சுட்டிருந்த பெட்டியில கே எஸ் ஒய் எச் டி, கே எஸ் ஒய் எச் டின்னு வரிசையா ஓடிட்டிருக்கு. நான் தமிழ்99ல அடிச்ச மிளகுதான் அது, அவங்க போன்ல தமிழ் லேஅவுட் இல்லாததால அப்படி விழுந்திருக்கு. போன் மாத்தற பட்டன் இல்லாத சில கீபோர்டு ஆன் பண்ணுனதும் ஞாபகத்துல இருக்கற பழைய போன் பக்கத்துல இருந்தா அதுகூடவே போய் ஒட்டிக்கும், ப்ளூடூத் பத்து மீட்டர் வரைக்கும் சாதாரணமாப் போகும், சமையக்கட்டு எத்தன தூரம். டெஸ்ட்டுக்குச் சேத்த போன்ல "ஃபர்கெட்" குடுத்து எடுத்துருங்க. ரெண்டு மூணு போன்ல பயன்படுத்தறவங்க லாஜிடெக் கே380 மாதிரி 1, 2, 3ன்னு தனி பட்டன் இருக்கற மாடல் வாங்கறது உத்தமம், எந்த பட்டன் எந்த போனுன்னு நீங்களே சொல்லிக்கலாம். நான் இப்ப வெச்சிருக்கறது அந்த ரகம்தான்.

பையில போடறப்ப ஆஃப் பண்ணாம போடறது அடுத்தது. ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் பை ஒரு பக்கமா சாயும், உள்ள டிபன் பாக்ஸு கீபோர்டு மேல அழுத்தும், போன் பாட்டுக்குத் திறந்து என்னத்தையோ அடிச்சுட்டிருக்கும். கூடவே இன்னொரு தொல்லை, கீபோர்டு பையில இருந்தபடியே போனோட ஒட்டிக்கிட்டா ஸ்க்ரீன்ல கீபோர்டு வராது, ஏன்னா போன் நினைக்குது வெளிக் கீபோர்டு இருக்கேன்னு. பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட சில்லறை இல்லாம ஜிபே பண்ணலாம்னு போன எடுத்தா நம்பர் அடிக்கவே முடியல, போன் ஹேங் ஆயிருச்சுன்னு ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணி, அப்பறம்தான் மண்டையில உறைச்சுது. ஆண்ட்ராய்டுல பிசிக்கல் கீபோர்டு செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் கீபோர்டையும் காட்டுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, அத ஆன்ல வெச்சிருங்க. கீபோர்ட ஆஃப் பண்ணியும் வைங்க, ரெண்டும் வேணும்.

வாட்ஸ்அப்ல என்டர் தட்டுனா அனுப்பணுமா அடுத்த வரிக்குப் போகணுமான்னு சாட்ஸ் செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷன் இருக்கு. ஆண்ட்ராய்டுல அது ஆன்ல இருக்கறப்ப நான் கணக்க வரி வரியா எழுதலாம்னு என்டர் தட்டித் தட்டி ஓனருக்கு இருவது மெசேஜ் போச்சு, ஒவ்வொண்ணும் ஒரு வரி. அவர் "என்னப்பா தந்தி அடிக்கற"ன்னு மட்டும் கேட்டாரு.

மடக்கற கீபோர்டு பாக்க அழகா இருக்கும், சட்டைப் பாக்கெட்டுல கூடப் போகும், அதுக்கு மயங்கித்தான் ரெண்டாவத வாங்குனேன். மடியில வெச்சா நடுவுல தொய்ஞ்சுரும், கெட்டியா நிக்க மேசை வேணும், சிலதுல நடு வரிசை ரெண்டாப் பிரியறதால விரல் பழகுன எடத்துல கீ இருக்காது. எப்பவும் மேசையில உக்காந்து எழுதறவங்களுக்குச் சரி, என்ன மாதிரி ஏற்காடு லேடிஸ் சீட்டு வியூ பாயிண்ட்டுல கல்லு மேல உக்காந்து எழுதறவனுக்கு ஆகாது. மேசையில உக்காந்தாலும் போனப் படுக்க வெச்சுக் குனிஞ்சு பாத்துட்டே அடிச்சீங்கன்னா ஒரு மணி நேரத்துல பிடரி பிடிச்சுக்கும், ரெண்டு கணக்கு நோட்ட அடுக்கி அதுமேல போன சாச்சு வைங்க, எழுத்து சைஸப் பெருசாக்குங்க. ஓடற பஸ்ஸுல டைப் அடிக்கற ஆசையே வேண்டாம், எட்டாவது வளைவுலயே வயிறு பொரட்டும்.

அந்த ரெண்டாவது கீபோர்டு செத்தது தட்டுவடை செட்டால. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில வாங்கி, ஒரு கையில தட்டு, ஒரு கையில டைப்பிங்னு சாமர்த்தியம் காட்டுனேன், தட்டுவடை கடிச்சதும் உடைஞ்சு கேரட்டு பீட்ரூட்டு துருவலோட பச்சைச் சட்னி நேரா கீபோர்டுக்குள்ள. இங்க நான் பண்ணுன தப்பு கொட்டுனது இல்ல, கொட்டுனதுக்கு அப்பறம் பண்ணுனது. ஈரத்துணியால தேச்சேன், அது சட்னியக் கரைச்சு இன்னும் உள்ள அனுப்பிருச்சு, ஆன்லயே வேற இருந்துச்சு. உடனே ஆஃப் பண்ணணும், கழட்டற பேட்டரியா இருந்தா கழட்டணும், தலைகீழாக் கவுத்து வடிய விடணும், மேலாக ஒத்தி எடுக்கணும், ரெண்டு நாள் காத்தாட வெச்சுட்டு அப்பறம்தான் ஆன் பண்ணிப் பாக்கணும். அரிசியில புதைக்கறதெல்லாம் பிரயோஜனம் இல்ல, அரிசித் தூசிதான் உள்ள போகும். மேல குளிர்ல மஞ்சுல இருந்துட்டு கீழ சேலத்துப் புழுக்கத்துக்கு வந்ததும் உடனே பையத் திறந்து கீபோர்ட எடுக்காதீங்க, குளிர்ந்த பொருள் மேல ஈரம் வேர்க்கும், கொஞ்ச நேரம் பைக்குள்ளயே இருக்கட்டும்.

சார்ஜ் ஏறலைன்னு நல்ல கீபோர்டத் தூக்கிப் போடறவங்க இருக்காங்க. விலை கம்மியான சிலதுல ரெண்டு முனையும் டைப்-சியா இருக்கற கேபிள மாட்டுனா சார்ஜே ஏறாது, உள்ள வைக்க வேண்டிய ஒரு சின்ன ரெசிஸ்டர மிச்சம் பிடிச்சிருப்பாங்க, அது இல்லாததால சார்ஜருக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள் இருக்கறதே தெரியாது. ஒரு பக்கம் பழைய பட்டை யூஎஸ்பி, இன்னொரு பக்கம் டைப்-சி இருக்கற கேபிள்ல போடுங்க, ஏறும். என் சித்தப்பா ஒருத்தர் இப்படி ஒண்ண ஒரு வருஷம் பரண்ல போட்டு வெச்சிருந்தாரு.

பழைய ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. ப்ளூடூத் ஆன்ல இருந்தாலே போதும், கேக்காமயே ஒருத்தன் போலிக் கீபோர்டா ஒட்டிக்கிட்டு உங்க போன்ல அடிக்க முடியற ஒரு ஓட்டை 2023ல வெளிய வந்துச்சு. ஆண்ட்ராய்டு 11ல இருந்து 14 வரைக்கும் 2023 டிசம்பர் செக்யூரிட்டி அப்டேட்டுல அடைச்சுட்டாங்க, 10ம் அதுக்குக் கீழயும் அடைக்கல. உங்க போன்ல செக்யூரிட்டி அப்டேட் தேதி அதுக்கு முந்தினதா இருந்தா, கூட்டமான எடத்துல ப்ளூடூத்த ஆஃப்ல வைங்க, கீபோர்டு வேணுங்கறப்ப மட்டும் போடுங்க.

கடைசியா பென்சில் பேட்டரி போடற மாடல் வெச்சிருக்கறவங்க. கே380க்கு ரெண்டு ஏஏஏ பேட்டரி, ரெண்டு வருஷம் வரைக்கும் வரும்னு கம்பெனி சொல்லுது, இத்தன நாள் வரதுதான் இதுல வம்பே, உள்ள பேட்டரி இருக்கறதே நமக்கு மறந்துரும். மாசக்கணக்குல பயன்படுத்தாம வைக்கறதா இருந்தா கழட்டி வைங்க, அல்கலைன் பேட்டரி கசிஞ்சா ஸ்ப்ரிங்கெல்லாம் வெள்ளையாப் பூத்துரும். பூத்திருந்தா வெறுங்கையால தொடாதீங்க, தோல அரிக்கற காரம் (அல்கலி) அது. பஞ்சுல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் தொடைச்சு, ஈரம் காய விட்டுப் புதுசு போடுங்க, முக்காவாசி நேரம் வேலை செய்யும்.