பல்பு மின்னோட்டத்தைத் தின்பதில்லை: மின்சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மின்கலம், தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்பு. எதில் மின்னோட்டம் அதிகம் என்று கேட்டால் “முதல் பல்புக்குத்தான் சார், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்” என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே சொல்கிறார்கள். மின்சுற்றில் வரும் பாதித் தவறுகள் இந்த நினைப்பில் முளைத்தவைதான். பல்புக்குள் 0.3 ஆம்பியர் போனால் வெளியே வருவதும் அதே 0.3 ஆம்பியர். செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அல்ல. சைக்கிள் செயினைப் பாருங்கள், பெடலை மிதித்ததும் எல்லாக் கண்ணியும் சேர்ந்து நகர்கிறது, சுற்றி வந்தபின் ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை.

இதே குழப்பத்தில்தான் கூடங்குளத்தில் கிளம்பிய எலக்ட்ரான் பாளையங்கோட்டை வீட்டு பல்புக்கு ஓடி வருவதாக நினைக்கிறோம். வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம், நொடிக்கு 50 சுழற்சி, எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. வழியில் நிற்கும் தெரு டிரான்ஸ்பார்மரில் இரண்டு கம்பிச் சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, எலக்ட்ரான் தாண்டி வர வழியே கிடையாது. ஓடி வருவது ஆற்றல்.

சரி, உயிர் சம்பந்தப்பட்ட தவறுக்கு வருவோம். நம்ம பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் சீரியல் செட் இல்லாமல் நடக்காது. இப்போது எல்.இ.டி. வந்துவிட்டாலும் பழைய செட்டுகள் பரணிலிருந்து இறங்கத்தான் செய்கின்றன. 6 வோல்ட் குட்டி பல்புகள் 40 போலத் தொடரிணைப்பில் இருந்து 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்று போனால் மொத்தச் சரமும் அணையும். “சின்ன பல்புதானே, 6 வோல்ட்தானே” என்று பிளக்கைப் பிடுங்காமலே போன பல்பைக் கழற்றுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய ஆபத்து. சுற்று அறுந்ததும் மின்னோட்டம் பூஜ்யம், அது பூஜ்யம் என்றால் ஓம் விதிப்படி (மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை) மற்ற 39 பல்பிலும் மின்னழுத்த வேறுபாடும் பூஜ்யம், அப்போது 230 வோல்ட் முழுவதும் வந்து நிற்பது அறுந்த அந்த இரண்டு முனைக்கும் நடுவில், அதாவது சரியாக உங்கள் விரல் போகிற இடத்தில். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் மாட்டாமல் நியூட்ரல் கம்பியில் மாட்டியிருந்தால் சரத்தில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பிளக்கையே பிடுங்குங்கள்.

இன்னொரு பழக்கம், போன பல்பை விட்டுவிட்டு இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடுவது. ஒன்றிரண்டு என்றால் வித்தியாசம் தெரியாது. பத்து பல்பை இப்படிக் கழித்தால் மீதி 30 பல்பும் ஆளுக்கு 7.7 வோல்ட் தாங்க வேண்டும், அப்புறம் அவையும் வரிசையாக ஃபியூஸ் போகும்.

ஆய்வகத்தில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புக்குப் பக்க இணைப்பில், அதாவது பல்பின் இரண்டு முனைக்கும் குறுக்கே, மாட்டாதீர்கள். அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் பல்பை விட்டுவிட்டு அதன் வழியாகப் பாயும், முள் ஓரத்தில் போய் இடிக்கும், மீட்டரே வீணாகலாம். மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டரைத் தொடரில் மாட்டினால் ஒன்றும் கெடாது, அதன் மின்தடை மிக அதிகம் என்பதால் பல்பு மட்டும் எரியாது. உடனே பல்பு போய்விட்டது என்று மாற்றாதீர்கள், வோல்ட்மீட்டர் மின்கலத்தின் மின்னழுத்தத்தை ஏறக்குறைய முழுசாகக் காட்டினால் இணைப்புதான் தப்பு.

கணக்கில் 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் வந்தால் ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி அரை ஓம் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதைத் தலைகீழாக்கினால்தான் விடை, 2 ஓம். பக்க இணைப்பில் விடை இருப்பதிலேயே சின்ன மின்தடையைவிடக் குறைவாக வரும், ஆனால் தலைகீழாக்க மறந்தாலும் சில சமயம் குறைவாகவே வருவதால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

கண்காட்சிக்கு மாடல் செய்கிறவர்கள் கடையில் வாங்கும் மோட்டார் சுருள் கம்பியை அப்படியே மாட்டிவிட்டு “மின்கலம் சரியில்லை” என்கிறார்கள். பளபளவென்று செம்பு தெரிந்தாலும் மேலே கண்ணுக்குப் புலப்படாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது. நுனியில் ஓர் அங்குலத்தை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, நிறம் சற்று வெளிறிய பிறகு மாட்டுங்கள்.