ஐப்பசியில் ஊருக்குப் போகிறீர்களா? கதிர்குருவிகளுக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களான நமக்கு இலையுதிர் காலம் என்றால் மார்ச், ஏப்ரல்தான். மவுண்ட் மோர்லேண்ட் நாணல் காட்டிலிருந்து தகைவிலான் குருவிகள் கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பும் நேரம். தமிழ்நாட்டில் கணக்கு தலைகீழ். அங்கே கதிர்குருவி (warbler) போன்ற சின்னப் பறவைகள் வந்து இறங்குவது புரட்டாசி, ஐப்பசியில்.

நம் நேட்டால் தோட்டங்களுக்கு வரும் வில்லோ கதிர்குருவியும், தமிழ்நாட்டுப் புதருக்குள் ஒளியும் பிளித் நாணல் கதிர்குருவியும் கோடையில் பின்லாந்துப் பக்கம் ஒரே வட்டாரத்தில் கூடு கட்டுபவை. குளிருக்கு முன் ஒன்று ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறது, மற்றது இந்தியாவுக்கு. எடை இரண்டுக்கும் பத்து கிராம் சொச்சம். இதை அறிந்த நாளிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளித் குருவியைப் பார்த்தாக வேண்டும்.

போக வேண்டிய இடம் கோடியக்கரை, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடலோரச் சரணாலயம். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், வேதாரண்யம் கோயில் என்று எப்படியும் அந்தப் பக்கம் போவீர்கள், ஒரு நாள் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்தில் தங்கி, முந்தின இரவே ஆட்டோ பேசி வையுங்கள். சரணாலயம் திறக்கும் நேரத்தை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆய்வு செய்யும் இடம் இது. பூநாரைகளைப் பார்க்கத்தான் பலரும் வருவார்கள். நீங்கள் பாலை மரக் காட்டுக்குள் போங்கள்.

அங்கே நடக்காதீர்கள், உட்காருங்கள். குளிர்காலத்தில் இவை அதிகம் பாடுவதில்லை, சின்னச் சின்னக் குரல்தான் கொடுக்கும், அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முள்புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல ‘டக்... டக்’ என்று கேட்டால் அதுதான் பிளித். முதுகு வெறும் மண் நிறம், கண்ணுக்கு மேல் மங்கலான கோடு, எளிதில் வெளியே வராது. நான் முதலில் பார்த்தபோது இலைக்கடியில் ஒரு பூச்சியைக் கவ்வி, ஒரு நொடி வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி உள்ளே போய்விட்டது. அந்த ஒரு நொடிக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மரக் கிளையின் உச்சியில் ‘சிவீட்’ என்று துள்ளுவது பச்சைக் கதிர்குருவி. விடியலிலும் அந்தியிலும் தரையிலிருந்து இரட்டை விசில் கேட்டால் அது ஆறுமணிக் குருவி, இமயமலை அடிவாரம் போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து வருவது. தேநீர்க்கடையில் பெரியவர் யாராவது இருந்தால், “ஐயா, ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்கே நேராகப் போகலாம்.

எட்டு மடங்கு பைனாகுலர் போதும். மங்கலான நிற உடை, கொசு மருந்து, குடை கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தது வேதாரண்யம் பக்கம்தான், வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அக்டோபரில் விடுப்பு கிடைக்காதவர்கள் பொங்கலுக்குப் பிறகு போகலாம், இவை பங்குனி வரை அங்கேதான் இருக்கும். அப்புறம், கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து வந்த உயிர் அது, இரை தேடும் நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

கோடியக்கரை வரை போக முடியவில்லையா? சொந்தக்காரர் வீட்டில் காலைக் காபியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போங்கள். வேப்ப மரத்தில் ‘சிவீட்’ கேட்கும்.