ஒளி பின்தங்கியதை எப்படிச் சரிசெய்தோம்

நடனக் கலைஞர் ஒருவரின் கை அசைவுக்கு ஏற்பத் திரையில் ஒளிக்கீற்று ஓட வேண்டும். அதற்கான அமைப்பை நான் செய்துகொண்டிருந்தேன். உடல் அசைவைப் பின்தொடரும் கினெக்ட் கேமரா, விநாடிக்கு 30 ஃபிரேம். முதல் ஒத்திகையிலேயே அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "நான் நின்ன பிறகும் அது ஓடுது. அதுக்காக நான் காத்திருக்க வேண்டியிருக்கு" என்றார்.

எனக்கு அது தெரியவே இல்லை. உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கும் ஆடுபவர் உடம்புக்கும் அவ்வளவு வித்தியாசம்! சரி, அளந்துவிடலாம் என்று போனில் விநாடிக்கு 240 ஃபிரேமில் படம் எடுத்தோம். கை நின்று 70 ஃபிரேம் கழித்துத்தான் ஒளி நின்றது. கிட்டத்தட்ட 290 மில்லி விநாடி.

பாதித் தவறு என்னுடையது. ஒளி நடுங்கக் கூடாதென்று கினெக்ட் தரும் கடைசி 10 ஃபிரேம்களில் கை இருந்த இடத்தின் சராசரியை எடுத்திருந்தேன். அதுவே 150 மில்லி விநாடியைத் தின்றுவிட்டது. அதைத் தூக்கிவிட்டு ஒன் யூரோ ஃபில்டர் என்ற கணக்கீட்டு முறையைப் போட்டேன். அசைவு மெதுவாக இருந்தால் நடுக்கத்தை அடக்கும், வேகமானால் விட்டுக்கொடுக்கும். புரொஜெக்டரிலும், படத்தைத் தாமதமின்றிக் காட்ட உதவும் கேம் மோட் போட்டேன். போனில் அளந்தால், தாமதம் 36 ஃபிரேமுக்கு, அதாவது 150 மில்லி விநாடிக்கு இறங்கியது.

மீதியைச் சரிசெய்தவர் அவர்தான். "கை கடைசியாத்தான் வரும். அசைவு முதுகுல தொடங்குது" என்று சொல்லி, அதே அசைவை மெதுவாகச் செய்து காட்டினார். தோள் திரும்பியது, முழங்கை எழுந்தது, அப்புறம்தான் மணிக்கட்டு. ஒளியைத் தொடங்கிவைக்கும் புள்ளியை மணிக்கட்டிலிருந்து தோளுக்கு மாற்றினேன். அன்று மாலை அவர் எங்கேயும் நிறுத்தாமல் முழுவதையும் ஆடி முடித்தார்.